மூலை ஜோடி

மூன்றாம் நாள் காலை வருகைப் பதிவில் ஒரு ஆள் குறைந்தது.

மருமகள் மறுபடியும் எண்ணினாள். கெண்டை ஆறு. அவை ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால், பேருந்து நிலையத்தில் ஆட்களை எண்ணுவது போலத்தான் இருந்தது. ஆனாலும் ஆறுதான். மணலில் பாதி புதைந்து மீசையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த அயிரை மூன்று. தொட்டியின் மூலையில், ஓட்டுச் சில்லின் வாசலில், முன்துடுப்புகளை ஊன்றித் திண்டில் சாய்ந்த பண்ணையார் மாதிரி உட்கார்ந்திருந்த உளுவை ஒன்று.

ஆக மொத்தம் பத்து. பதிவேட்டில் பதினொன்று என்று இருந்தது.

பதிவேடு மாமியாருடையது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டுக்கு மீன் தொட்டி வந்துவிட்டது. வண்ண வண்ணமாக வெளிநாட்டு மீன் எதுவும் அதில் கிடையாது. எல்லாம் ஊருக்கு வெளியே ஓடும் வாய்க்காலில் பிடித்தவை. நம் தண்ணீரில் பிறந்ததை நாமே பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது என்பது அவர் கட்சி. பிடித்துக்கொண்டு வருவது மாமனார் வேலை. தினமும் காலையில் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வருகை எடுப்பதும், தேதி போட்டு நோட்டில் எழுதுவதும் மாமியார் வேலை.

அந்த நாற்காலி கூடத்தில் ஜன்னலோரம், தொட்டியின் மூலையைப் பார்த்தாற்போல் சற்றுக் கோணலாகக் கிடக்கும். அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. சட்டம் என்று யாரும் போடவில்லை, ஆனால் பெற்ற மகனே இதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. மருமகள் இந்த நான்கு மாதமாக அதைத் தினமும் துடைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மாமியாருக்கு எல்லா மீனும் பிடிக்கும் என்றாலும் மூலை ஜோடி என்றால் ஒரு படி மேல். ஓட்டுச் சில்லுக்குப் பக்கத்தில் எப்போதும் சேர்ந்தே இருக்கும் இரண்டு உளுவைகள். ஒன்று திரும்பினால் இன்னொன்றும் திரும்புமாம். ஒன்று வாயைத் திறந்தால் இன்னொன்றும் திறக்குமாம். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லையாம்.

மருமகள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு மூலை ஜோடிக்கு வேலை கூடிவிட்டது. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அவளும் அவள் கணவனும் முறைத்துக்கொண்டால், நாற்காலியிலிருந்து குரல் வரும்.

"அதுங்களைப் பாருங்க. பேச்சே கிடையாது. ஆனா எவ்வளவு ஒத்துமை."

மாமனார் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார். நில அளவைத் துறையில் முப்பது வருடம் அடுத்தவர் வீட்டு எல்லையை அளந்தவர். தன் வீட்டில் தன் எல்லை எது என்பதும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

மகளின் பிரசவத்துக்காக மாமியாரும் மாமனாரும் வெளியூர் கிளம்பும்போது, மாமியார் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார். இந்த வீட்டில் அவளை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் பொருள் அது. நகை அலமாரியின் சாவியைக் கொடுத்திருந்தால்கூட அவளுக்கு அப்படி உடம்பு சிலிர்த்திருக்காது.

"மகன்கிட்ட கொடுக்கலாம். எண்ணாமலே எழுதிடுவான். நீ கண்ணு சம்பந்தமா படிச்ச பொண்ணு," என்றார் மாமியார்.

அது உண்மைதான். கடைத்தெரு முனையில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். கண்ணாடி போட்டால் ஏன் பொருள் இடம் மாறித் தெரிகிறது என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு, தண்ணீர் டம்ளரில் ஒரு பென்சிலைப் போட்டு, "பாருங்க, வளைஞ்சு தெரியுதுல்ல? ஆனா பென்சில் வளையல" என்று தினமும் நான்கு தடவையாவது விளக்குவாள்.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் மாமியாரின் முத்து முத்தான கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன. குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றக் கூடாது, ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். ஜோடிக்கு ஆளுக்கு ஒரு மண்புழு, மொத்தம் இரண்டு. கிட்டத்தில் போனால் ஜோடியில் ஒன்று ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும், அது பெண், கூச்ச சுபாவம், பயப்பட வேண்டாம்.

முதல் இரண்டு நாளும் அந்தக் கடைசி வரியை நம்பித்தான் மருமகள் பதினொன்று என்று எழுதினாள். மூன்றாம் நாள்தான் அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இரண்டு புழுவையும் இந்த ஒன்றே தின்கிறது. அப்படியானால் அந்தக் கூச்சக்காரி எதைத் தின்கிறாள்?

அரை மணி நேரம் தொட்டி முன்னால் மண்டியிட்டுக் காத்திருந்தாள். கூச்சக்காரி வரவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கைவிட்டு ஓட்டுச் சில்லைத் தூக்கிப் பார்த்தாள்.

உள்ளே யாரும் இல்லை.

சில்லு கை நழுவி விழுந்தது. மணல் கிளம்பியது. செடி இரண்டு வேரோடு மேலே வந்து மிதந்தன. தண்ணீர் பால் விட்ட தேநீர் மாதிரி ஆயிற்று.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க," என்றாள் மெதுவாக. மெதுவாகக் கூப்பிட்டதால்தான் கணவன் ஓடி வந்தான்.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தச் சிக்கலையும் முதலில் கீழே இருந்து பார்ப்பது அவன் தொழில்முறை. சோபாவை நகர்த்தினான். காலணிகளைக் கவிழ்த்தான். துடைப்பத்தை உதறினான். குதித்திருந்தால் தரையில்தானே கிடக்க வேண்டும் என்றான். கிடைத்தது அவன் திருமணத்துக்கு முன் தொலைத்த ஒரு சாவி மட்டும்.

"இருக்கிற ஒண்ணே ரெண்டு புழுவையும் தின்னுதா?" என்று கேட்டான்.

"தின்னுது."

"துக்கத்துல சில பேரு அப்படித்தான் சாப்பிடுவாங்க."

அவள் முறைத்த முறைப்பில் அவன் மறுபடியும் சோபாவுக்கு அடியில் போனான்.

கலங்கிய தண்ணீரில் ஆளே தெரியவில்லை. மாமியார் மாலையில் தொலைபேசியில் கேட்பார், என்ன சொல்வது? முதலில் தண்ணீரைத் தெளிய வைப்போம் என்று பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் குழாயைத் திறந்து நேராக ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகுதான் குறிப்பின் முதல் வரி நினைவுக்கு வந்தது. அதற்குள் ஆறு கெண்டையும் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

அவள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த வண்ண மீன் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். ஒரு சின்னப் புட்டியில் மருந்து கொடுத்து, பத்து லிட்டருக்கு ஒரு சொட்டு என்றார். பிறகு என்ன மீன் என்று விசாரித்தார். கெண்டை, அயிரை, உளுவை என்று அவள் சொன்னதும் கையிலிருந்த புட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வார் போலப் பார்த்தார்.

"வாய்க்கால் மீனுக்கா இவ்வளவு ஓட்டம்?"

"உளுவை ஒண்ணு மட்டும் கிடைக்குமாண்ணே?"

"எங்கிட்ட தூர தேசத்து மீனெல்லாம் இருக்கும்மா. பக்கத்துத் தெரு மீன் வேணும்னா நீதான் போய்ப் பிடிக்கணும்."

மருந்து வேலை செய்தது. மாலைக்குள் கெண்டைகள் பழையபடி ஓடத் தொடங்கின. தண்ணீரும் தெளிந்தது. உளுவை மட்டும் எதற்கும் அசையாமல் தன் மூலையிலேயே தனியாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு வருட ஒற்றுமை. நம் கைக்கு வந்த மூன்றே நாளில்.

தொலைபேசி அடித்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று மாமியார் கேட்டார்.

"வந்தாச்சு அத்தை."

"ஜோடி?"

"ரொம்ப ஒத்துமையா இருக்கு அத்தை."

வாழ்க்கையில் அவள் மாமியாரிடம் சொன்ன முதல் பொய். சொல்லி முடித்ததும் அதைக் காப்பாற்றும் வேலை வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளும் கணவனும் வாய்க்காலுக்குப் போனார்கள். கையில் ஒரு வாளி, சமையலறைச் சல்லடை. கணவன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினான். அவள் கரையிலிருந்து வழி சொன்னாள். அவன் கால் வைத்த இடமெல்லாம் கலங்கியது, சல்லடையில் இலையும் நத்தையும்தான் வந்தன. கடைசியில் அவளே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, ஆடாமல் நின்று தண்ணீருக்குள் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் தரை உயிர் பெற்றது. கல் என்று நினைத்தது கண்ணைச் சுழற்றியது. மணல் என்று நினைத்தது மூச்சு விட்டது. உளுவை நீந்துவதே இல்லை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மனம் மாறியது போல் சட்டென்று நகர்ந்து உட்காருகிறது, அவ்வளவுதான். தினமும் இந்த வாய்க்கால் பாலத்தைக் கடந்துதான் அவள் வேலைக்குப் போகிறாள். கீழே இப்படி ஒரு ஊரே இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

"அங்க பாருங்க, உங்க கட்டைவிரலுக்குப் பக்கத்துல."

"எதும்மா?"

"அசையாதீங்க. உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு."

சல்லடையை அவள் வைத்தாள், அவன் காலால் விரட்டினான். விரல் நீளத்தில் ஒரு உளுவை உள்ளே வந்தது. நான்கு மாதத்தில் இருவரும் சேர்ந்து வெளியே போய், சேர்ந்து நனைந்து, சேர்ந்து சிரித்தது அன்றுதான். திரும்பி வரும் வழியில் அவன் வாளியைச் சுமந்தான். வலிக்கிறதா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

புதியவளைத் தொட்டியில் விட்டார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டாலும் புதியவள் என்றே முடிவு செய்திருந்தார்கள். பழையவன் ஓட்டுச் சில்லை விட்டு வெளியே வந்தான். இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"பழகுதுங்க," என்றான் கணவன் நெகிழ்ந்து.

அடுத்த நொடி இரண்டும் செவுளை விரித்து, வாயை அகலப் பிளந்து, ஒன்றின் தாடையை இன்னொன்று கவ்விக்கொண்டன. தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தள்ளிக்கொண்டு போயின. அயிரை மூன்றும் மணலுக்குள் முழுசாகப் புதைந்துகொண்டன. கெண்டைகள் ஒரு மூலையில் கூடி நின்று வேடிக்கை பார்த்தன.

மருமகள் அலமாரியிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் பலகையை எடுத்து வந்து தொட்டிக்கு நடுவில் செருகினாள். கண் பரிசோதனைக்கு எழுத்துகள் அச்சிட்ட பலகை அது, கடையில் கழித்துப் போட்டது. பழையவன் இந்தப் பக்கம், புதியவள் அந்தப் பக்கம். புதியவள் பலகைக்கு முன் நின்று பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை ஒவ்வொரு வரியாகப் பார்ப்பது போல் இறங்கி வந்தாள். கணவனுக்குச் சிரிப்பு வந்தது, மனைவி முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

சில நாள் பலகையோடு கழிந்தது. எண்ணிக்கை சரியாகப் பதினொன்று. பதிவேட்டில் இப்போது பொய் இல்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். பேத்தி பிறந்த செய்தியும் வந்தது. எல்லாம் சுபமாக முடியும் என்று நினைத்த நேரத்தில் மாமியார் வீடியோவில் அழைத்தார். முதலில் குழந்தையைக் காட்டினார். பிறகு, "சரி, எங்க பிள்ளைங்களைக் காட்டு" என்றார்.

பலகையோடு காட்ட முடியாது. கணவனுக்குக் கண்ஜாடை காட்டினாள். அவன் பலகையை உருவினான். அவள் தொட்டியின் முன்னால் நின்று, கைபேசியைக் கெண்டைகள் பக்கமே காட்டி, மிக மெதுவாக நகர்த்தினாள்.

"ஜோடி எங்கம்மா?"

வேறு வழியில்லாமல் காட்டினாள். ஜோடி தாடையோடு தாடை கவ்விக்கொண்டு உருண்டுகொண்டிருந்தது.

மறுமுனையில் மாமியார் கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பின்னால் மாமனார் இருமுவது மட்டும் கேட்டது. வழக்கமான இருமல் போலவும் இல்லை.

"சண்டை போடுதுங்க," என்றார் மாமியார் கடைசியில்.

"இப்பத்தான் அத்தை. விளையாட்டுக்கு."

"ரெண்டு வருஷத்துல நான் பார்க்காதது. உண்மையைச் சொல்லு, உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன பிரச்சினை?"

"எங்களுக்குள்ளயா?"

"வீட்டுல இருக்கிறவங்க எப்படியோ அப்படித்தான் அதுங்களும். பார்த்துத்தானே கத்துக்கும்?"

ஒரு பிரச்சினையும் இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே நேரத்தில் சொன்னதால் யார் பேசுவது என்று குழம்பி, "நீங்க சொல்லுங்க" என்று அவளும் "நீயே சொல்லு" என்று அவனும் மாற்றி மாற்றிச் சொன்னது மறுமுனைக்குச் சச்சரவு போலவே கேட்டது.

"நாளைக்கே வர்றேன்," என்று மாமியார் இணைப்பைத் துண்டித்தார்.

அன்று முழுக்க மருமகளுக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை. பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். மாமியாரின் எழுத்துக்குக் கீழே தன் எழுத்து. இனி இந்த நோட்டு தன் கைக்கு வரப்போவதில்லை. நோட்டு போனால் போகட்டும், ஒப்படைத்த ஆளைத் தொலைத்தவள், தொலைத்ததை மறைத்தவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளுமே. நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பலகைக்குப் பதிலாக, அந்தக் கோடியில் ஒரு பூந்தொட்டிச் சில்லை வைத்தாள். புதியவள் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். பழையவன் தன் மூலைக்குத் திரும்பினான். தனித்தனி வீடு கிடைத்ததும் இரண்டும் அடங்கிவிட்டன.

மறுநாள் காலை மாமியார் வந்தார். பின்னால் இரண்டு பெட்டிகளோடு மாமனார். மாமியார் கைப்பையைக்கூட இறக்கவில்லை, நேராகப் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"இரு." மாமியார் மூலையையே உற்றுப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "சமாதானம் ஆயிடுச்சு. அதே இடம், அதே மாதிரி. பாரு, ஒண்ணு திரும்புது, கூடவே இன்னொண்ணும் திரும்புது."

மருமகள் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். புதியவள் அந்தக் கோடியில் பூந்தொட்டிச் சில்லுக்குள் இருப்பது அவள் நின்ற இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது.

"அது சரி," என்றார் மாமியார், விரலை நீட்டி. "அந்தக் கோடியில மூணாவதா ஒருத்தன் இருக்கானே, அது யாரு?"

"மூணாவதா?"

"பன்னிரண்டு வருதே கணக்கு."

"அது வந்து அத்தை... நாங்கதான் வாய்க்கால்ல இருந்து பிடிச்சுட்டு வந்தோம்."

மாமியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. அப்படியானால் சண்டை ஜோடிக்குள் இல்லை, இடையில் வந்தவனோடு. நல்லாயிருந்த குடும்பத்துக்குள் மூன்றாவது ஆள் நுழைந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். அப்படியிருந்தும் ஜோடி அவனை அந்தக் கோடிக்கு ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குள் ஒற்றுமையாகவே இருந்து காட்டிவிட்டது என்றார். சொல்லும்போது கண்கூட லேசாகக் கலங்கியது. ஆனாலும் புதிதாக ஓர் உயிரைச் சேர்த்து வளர்க்கத் தோன்றியதே, அந்த மனசு வேண்டும் என்று மருமகளைத் தட்டிக்கொடுத்தார்.

"இனிமே வருகை நீயே எடு. நோட்டு உங்கிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, பயணக் களைப்புத் தீரக் குளிக்கப் போனார். கணவன் பெட்டிகளை உள்ளே எடுத்துக்கொண்டு போனான்.

மருமகள் நோட்டை மார்போடு அணைத்தபடி தொட்டியைப் பார்த்தாள். முன்பக்கம் நின்று எண்ணினாள். பதினொன்று. மறுபடியும் எண்ணினாள். பதினொன்றுதான்.

கூடத்தில் மாமனார் மட்டும் இருந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், மடித்த செய்தித்தாளால் பிரம்பு நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரும்மா."

"இதுலயா மாமா?"

"சும்மா உட்காரு."

அவள் நுனியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து தொட்டியின் மூலை மூக்குக்கு நேரே வந்தது. முன்கண்ணாடி ஒரு பக்கம், பக்கக் கண்ணாடி ஒரு பக்கம். ஓட்டுச் சில்லின் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உளுவைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று வாயைத் திறந்தது. இன்னொன்றும் திறந்தது.

"இப்ப எழுந்திருச்சு, ரெண்டடி தள்ளி நில்லு."

எழுந்து தள்ளி நின்றாள். ஒன்றுதான் இருந்தது. மறுபடியும் உட்கார்ந்தாள். இரண்டு. கடையில் அவள் தினமும் நான்கு தடவை டம்ளரில் போட்டுக் காட்டும் பென்சில் நினைவுக்கு வந்தது.

மாமனார் குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் பிடிச்சுட்டு வந்ததே ஒண்ணுதாம்மா. அதனாலதான் ரெண்டு வருஷமா அந்த ஜோடிக்குள்ள சண்டையே வரல."